பத்தாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவில்

வீடு விற்பவர்கள் பொய் சொல்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அப்படியொன்றும் பெரிதாகச் சொன்னதில்லை. பத்து நிமிடத்தில் போய்விடலாம் என்று நான் சொன்ன இடத்துக்கு முக்கால் மணி நேரம் பிடித்தால் அது சாலையின் குற்றம். தொண்ணூற்று ஏழாம் ஆண்டு தொடக்கத்தில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் பங்சாரிலும் நான் விற்ற கொண்டோமினியம் அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் ஒரே மந்திரம்தான்: ரயில் வருது. தூண்மேல் ஓடப்போகும் ரயில், டிரைவரே இல்லாமல் கம்ப்யூட்டர் ஓட்டப்போகும் ரயில். ரயில் இன்னும் வரவில்லை, தூண்கள்தான் வந்திருந்தன. ஆனால் சனங்கள் தூணைப் பார்த்தே கையெழுத்துப் போட்டார்கள்.

சாவியைக் கையில் வாங்கியதும் நம் ஆட்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சந்திரா, மாடு கிடைக்குமா?" என்பதுதான். புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும். அதன் பிறகுதான் பால் காய்ச்ச வேண்டும். கோலாலம்பூரில் மாட்டுக்கு எங்கே போவது? பவுனம்மாளிடம்தான் போக வேண்டும். நாங்கள் எல்லோரும் பவுனக்கா என்போம்.

பவுனக்கா பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பிரிக்பீல்ட்ஸ் பால்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆற்றோரத்தில் தகரக் கொட்டகை. புருஷன் போன பிறகும் ஒற்றை ஆளாக ஒரு மந்தை மாட்டைக் கட்டிக் காத்து, கறந்து, சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றினார். பிறகு பெட்டிப் பால் வந்தது. மாடு மேய்ந்த புல்வெளி கார் நிறுத்துமிடம் ஆனது. அப்புறம் அதைச் சுற்றித் தகர வேலி போட்டார்கள். வேலிக்குள்ளிருந்து கட்டடம் எழும்பியது. "நம்ப மாடு மேஞ்ச எடத்துல இப்ப சுவிம்மிங் பூல்லா" என்று சிரிப்பார். சிரிக்கிறாரே, கோபமே வராத மனுஷி போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கேட்காமல் மாட்டின் வாலைத் தொட்ட ஒருவனை அவர் பேசிய பேச்சை நான் இங்கே எழுத முடியாது.

மாட்டைத் துரத்திய கட்டடங்களே பிறகு மாட்டுக்கு வேலையும் கொடுத்தன. அம்பாங், ஸ்ரீ கெம்பாங்கான், கிள்ளான் என்று புது வீடு திறக்காத வாரமே இல்லை. மிஞ்சியிருந்த மாடுகளில் செவலை என்கிற பசு இந்த வேலைக்கென்றே பிறந்தது. மேளமோ, குழந்தைகள் கூச்சலோ, கேமரா வெளிச்சமோ எதற்கும் மிரளாது. வாசலில் வலது காலை எடுத்து வைத்து மகாராணி மாதிரி உள்ளே போகும். செவலை இல்லாவிட்டால் பவுனக்காவுக்குப் பிழைப்பு கிடையாது. பிள்ளைகளும் இல்லாத மனுஷி. செவலை இல்லாவிட்டால் ராத்திரியில் பேசுவதற்கும் ஆள் கிடையாது. இரண்டாவதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

அதுவரை செவலை போனதெல்லாம் தரை வீடுகளுக்குத்தான். பதினேழாவது மாடிக்குக் கூப்பிட்டவர் இராசேஸ்வரி ஆன்டி.

ஆன்டி யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து காலமானவரின் மனைவி. மணமாகி வந்த நாள் முதல் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே வாழ்ந்தவர். பெரிய ரயில் நிலையம் கட்டப் போகிறோம் என்று குவார்ட்டர்ஸை இடிக்க நாள் குறித்ததும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் புவனேந்திரன் என்னிடம்தான் வீடு வாங்கினார். கீழே தரையிலேயே மாட்டுக்குப் பூசை செய்துவிட்டு மேலே போகலாம் என்று ஐயர்கூடச் சொல்லிப் பார்த்தார். ஆன்டி அசையவில்லை. "மாடு கால் வைக்காத வீட்டில நான் படுக்க மாட்டன்" என்றார். ஆன்டிக்கும் பவுனக்காவுக்கும் பழைய கணக்கு ஒன்று வேறு உண்டு. இருபது வருடம் அவரிடம் பால் வாங்கிய ஆன்டி, பால் வாங்கிய நாளெல்லாம் அதில் தண்ணீர் இருக்கிறது என்று சண்டை போட்டவர். பவுனக்கா அத்தனை நாளும் இல்லவே இல்லை என்று சாதித்தவர்.

பொருள் ஏற்றும் லிப்ட் பெரியது, பியானோவே போகிறது என்று நானும் ஒத்து ஊதினேன். காவலாளியிடம் "சாமான் வருது" என்று சொல்லி வைத்தேன். விடியற்காலையில், பவுனக்காவின் மாட்டை வழக்கமாக ஏற்றிவரும் விஜயன் தன் சின்ன லோரியில் செவலையையும் கன்றையும் ஏற்றி வந்தார். லிப்டின் உள்சுவர் பளபளவென்று இருந்தது. கதவு திறந்ததும் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. அந்தக் குரலைக் கேட்டுக் கன்று நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தும் பார்த்தோம், தள்ளியும் பார்த்தோம். நடக்கவில்லை.

"விடு விஜயா. தாய் முதல்ல போவட்டும். கன்னு அடுத்த நடையில வரட்டும்" என்றார் பவுனக்கா. செவலையும் அவரும் உள்ளே போக, கதவு மூடியது. நான் ஆட்கள் போகும் லிப்டில் ஏறி மேலே போனேன்.

மேலே மாவிலை, கும்பம், கோலம் எல்லாம் தயாராக இருந்தன. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருள் லிப்டின் கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. ஒன்பதில் நின்றன. யாராவது இடையில் ஏறுகிறார்களோ என்று நினைத்தேன். நின்றது நின்றதுதான். பிறகு அந்தச் சத்தம் வந்தது. கதவுக்குப் பின்னால், கீழே எங்கோ ஆழத்திலிருந்து ஒரு மாடு அலறியது. அதைத் தொடர்ந்து இரும்பில் உதைக்கிற சத்தம். 

தரைத்தளம் வரை படியிறங்கி ஓடினேன். காவலாளி லிப்டுக்குள் பேசும் கருவியைக் காதில் வைத்தபடி முழித்துக்கொண்டிருந்தார். பிடுங்கிக் கேட்டேன்.

"சந்திராவா? ஏறிக்கிட்டு இருக்கறப்ப மாடு பின்னால நவுந்து கதவுல இடிச்சிச்சு. பட்டுனு நின்னுருச்சும்மா. லைட்டு இருக்கு. பரவால்ல" என்றார் பவுனக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அந்த லிப்ட் அவ்வளவு புத்திசாலி. ஓடும்போது கதவில் இம்மி இடைவெளி தெரிந்தாலும், ஆபத்து என்று முடிவு செய்து தானாகவே நின்றுவிடுமாம். செவலையின் பின்பக்கம் இடித்ததில் கதவு வளைந்துவிட்டது. இனி ஆள் வந்துதான் சரி செய்ய வேண்டும். கட்டட மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு என்னை இங்கிலீஷில் வறுத்தெடுத்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். லிப்ட் கம்பெனியிலிருந்து ஆள் கிளம்பிவிட்டார், ஆனால் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. ரயில் தூண் போடுவதற்காகப் பாதிச் சாலையை அடைத்திருந்தார்கள். அந்த ரயிலைச் சொல்லித்தான் நான் இந்தக் கட்டடத்தையே விற்றேன்.

காத்திருந்த நேரம்தான் கொடுமை. வாசலில் கன்று "ம்மா" என்று கூப்பிடும். அந்தக் குரல் லிப்ட் குழி வழியாக ஏறிப் போகும். உடனே செவலை இரும்பை உதைக்கும். கட்டடமே அதிர்கிற மாதிரி இருக்கும். கருவியில் பவுனக்கா கேட்டார்: "கன்னைத் தூரமா கொண்டுபோகச் சொல்லும்மா. அது குரல் இதுக்குக் கேக்கவே கூடாது." நான் ஓடிப்போய் விஜயனிடம் சொன்னேன். கன்றை ஏற்றிக்கொண்டு லோரி தெருக்கோடிக்குப் போனது. உதை குறைந்தது. ஆனால் மூச்சு வாங்குகிற சத்தம் கருவியில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது மாட்டின் மூச்சா, அக்காவின் மூச்சா என்று எனக்குத் தெரியவில்லை.

லிப்ட் மெக்கானிக் சபாபதி, கிள்ளான்காரர், மோட்டார் சைக்கிளில் சேறும் வேர்வையுமாக வந்து சேர்ந்தார். எங்களோடு பத்தாம் மாடிக்கு ஏறி, அங்கிருந்த லிப்ட் கதவைச் சாவி போட்டுப் பிரித்து, வளைந்த உள்கதவையும் நெம்பித் திறந்தார். லிப்ட் பத்தாம் மாடித் தரைக்குக் கீழே இறங்கி நின்றது; அதன் மேல்பாதி மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அடுப்பைத் திறந்தது போல் உள்ளிருந்து சூடு வந்தது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் கொம்புகள், பிறகு வெள்ளை விழி, பிறகு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்ற பவுனக்காவின் முகம். ஒரு கை செவலையின் தாடைக்குக் கீழே இருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. மாட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கையைக் குடுங்க. மொதல்ல நீங்க மேல வந்துருங்க" என்றார் சபாபதி. அக்கா கையைக் கொடுக்கவில்லை.

சபாபதி எங்களுக்கு நிலைமையைச் சொன்னார். பழைய லிப்ட் என்றால் மேலே இயந்திர அறையில் ஒரு சக்கரம் இருக்கும். கையால் சுற்றி இறக்கிவிடலாம். இது புது மாடல், சக்கரம் கிடையாது. பிரேக்கை மட்டும்தான் தளர்த்த முடியும். லிப்டுக்குச் சரியாக மறுபக்கம் ஓர் எடைக்கட்டி தொங்குகிறது. இந்தப் பக்கம் லேசாக இருந்தால் லிப்ட் மேலே போகும், கனமாக இருந்தால் கீழே போகும். இப்போது இரண்டும் ஏறக்குறையச் சமம். "அக்கா வெளிய வந்துட்டாங்கன்னா போதும். லேசாயிரும். தானா ஏறி இங்க வந்து நிக்கும். மாடும் நடந்து வெளிய வந்துரும்லா. அஞ்சு நிமிச வேல."

மேனேஜரின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

"முடியாது தம்பி" என்றார் பவுனக்கா, குரலை உயர்த்தாமல். "நான் வெளிய நின்னா இது நிக்காது. என் பின்னாலயே பாயும். பெட்டி ஏறிக்கிட்டு இருக்கறப்ப முன்னங்காலைத் தூக்கி வெளிய போட்டுச்சுன்னா?"

சபாபதி டார்ச்சைத் தரையின் இரும்பு விளிம்பில் அடித்துப் பார்த்தார். அதற்கும் ஏறும் பெட்டிக்கும் நடுவில் சிக்கினால் கால் முறிந்துவிடும். கால் முறிந்த மாட்டுக்கு ஒரே முடிவுதான் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மயக்க ஊசி போடலாமே என்றார் மேனேஜர். போட்டால் எங்கே விழும், அக்கா மேல்தான் விழும் என்றேன் நான். இங்கிலீஷில் சொல்ல வார்த்தை வராமல் கத்தினேன்.

"அப்ப ஒரே வழிதான். கனத்தைக் கூட்டணும்" என்றார் சபாபதி. "ஆளு உள்ள எறங்கணும். தரை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிருவேன்."

வீடு பார்க்க வந்த ஆன்டியின் சொந்தக்காரர்கள் படிக்கட்டு நிறைய நின்றார்கள். டாக்டர், வக்கீல், வங்கி அதிகாரி என்று படித்த கூட்டம். சபாபதியின் கண் யார் மேல் போகிறதோ அவருக்கு உடனே தன் வேட்டியைச் சரி செய்யும் வேலை வந்தது. நானும் என் கைப்பையில் எதையோ தேடினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இராசேஸ்வரி ஆன்டி வந்தார். பட்டுச் சேலையில், பதினேழாவது மாடியிலிருந்து படியிறங்கி வந்து மூச்சிரைத்தார். "எவ்வளவு கனம் வேணும்?"

"எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லது ஆன்டி."

"அப்ப நான் காணும். என்ர உடம்பு போதும்."

"அம்மா, உங்களுக்கென்ன விசரே?" என்று புவனேந்திரன் கையைப் பிடித்தார்.

"மாடு வேணுமெண்டு கேட்டது நான். நீ தள்ளு." தரையில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, சபாபதியும் மகனும் இரண்டு தோளையும் பிடிக்க, ஆன்டி உள்ளே இறங்கினார். சபாபதி மேலே இயந்திர அறைக்கு ஓடினார். காவலாளியின் வாக்கிடாக்கியில் அவர் குரல்: "தளர்த்துறேன்." லிப்ட் அசையவில்லை. "இன்னும் ஒரு ஆளு வேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. அறுபது தாண்டிய மனுஷி உள்ளே நிற்க, முப்பத்தைந்து வயதில் நான் மேலே நின்று வேடிக்கை பார்த்தால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீடு விற்பது? மனசுக்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டே காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினேன். என் முதுகு சுவரில், என் மூக்கு செவலையின் விலாவில். அதன் தோல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

சபாபதி மின்சாரத்தை நிறுத்தியதும் உள்ளே விளக்கு அணைந்தது. சாணமும் மூத்திரமும் வேர்வையும் கலந்த இருட்டு. திடீரென்று தரை நழுவி ஒரு சாண் இறங்கி நின்றது. செவலையின் உடம்பு விறைத்தது. உதைக்கப் போகிறது, இத்தோடு நாம் முடிந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லடி. ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போவோம். புண்ணாக்கு கரைச்சுத் தரேன். இன்னிக்கு உனக்குத் தவிடு ஜாஸ்தி போடுறேன்." பவுனக்கா நிறுத்தாமல் பேசினார். தினமும் கறக்கும்போது பேசுகிற பேச்சாகத்தான் இருக்க வேண்டும். ஏற்ற இறக்கமே இல்லை. ஒவ்வொரு நழுவலுக்கும் மாடு விறைக்கும், அந்தக் குரலுக்குத் தளரும். மறுபடி நழுவும், மறுபடி விறைக்கும். லிப்ட் ஓடும் தண்டவாளத்தில் எங்கோ இரும்பு கிறீச்சிட்டது.

நடுவில் ஒரு முறை செவலை சாய்ந்து ஆன்டியைச் சுவரோடு அழுத்தியது. "பவுனம், உம்மட மாடு என்னை நெரிக்குது."

"தள்ளிறாதீங்கம்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"நான் தள்ளேல்லை. நீர் மாட்டைப் பாரும்."  பிறகு ஆன்டி மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார்: "செத்தாலும் சாவம், இப்ப உண்மையைச் சொல்லும். உம்மட பாலில தண்ணி இருந்ததுதானே?"

"கொஞ்சூண்டு இருந்துச்சும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆன்டியும் இருட்டில் குலுங்கினார். அழுகைக்கும் அந்தச் சிரிப்புக்கும் அதிக தூரமில்லை. சிரித்து முடிப்பதற்குள் லிப்ட் மறுபடியும் நழுவியது.

எத்தனை தடவை நழுவி நின்றோம் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் லிப்ட் ஒரு பெரிய குலுக்கலோடு நின்றது; தரைத்தளத்துக் கதவைக் கடப்பாரையால் பிளந்தார்கள். பகல் வெளிச்சம் உள்ளே கொட்டியது. விஜயன் கன்றைத் திரும்பக் கொண்டு வந்திருந்தார். செவலை நிதானமாக வெளியே நடந்தது, ஏதோ புது வீட்டைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. கன்று ஓடி வந்து மடியில் முட்டியது. காவலாளி கை தட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆன்டியின் பட்டில் இடுப்பு வரை சாணம்.

பவுனக்கா வரவில்லை. மூலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"வாங்கக்கா, முடிஞ்சிருச்சு" என்றேன்.

"நீ போம்மா. நான் செத்த உக்காந்துட்டு வரேன்."

குனிந்து கைகொடுக்கப் போனபோதுதான் தரையைப் பார்த்தேன். ஈரமும் சாணமுமாகக் கிடந்த தரையில் அவர் இடது காலைச் சுற்றி மட்டும் சிவப்பாக இருந்தது. ரப்பர் செருப்பு கிழிந்து தசையோடு ஒட்டியிருந்தது. விரல்கள் விரல்களாக இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அக்கா சாய்ந்து சாய்ந்து நடக்கப் பழகினார். கட்டடத்தில் விலங்குகளுக்கு அனுமதியில்லை என்று பலகை மாட்டினார்கள். இராசேஸ்வரி ஆன்டி மாடு வராத அந்த வீட்டில்தான் குடியேறினார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான் நினைத்து நினைத்து நொந்துபோவது இவை எதையுமல்ல, காரில் நடந்த பேச்சை.

அக்காவை என் காரின் பின் சீட்டில் படுக்க வைத்தோம். ஆன்டி சேலைத் தலைப்பைக் கிழித்துக் காலைச் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தூண்களுக்கு நடுவே கார் ஊர்ந்தது. ஹார்னில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை.

"எப்ப மிதிச்சது, பவுனம்?"

"மேல லிப்ட்டு நின்னுச்சு பாருங்கம்மா, அப்பவே."

மெக்கானிக் வருவதற்கு முன்பு. நாங்கள் இறங்குவதற்கு முன்பு. கருவியில் என்னிடம் பரவால்ல என்று சொன்னாரே, அதற்கும் முன்பு. அவ்வளவு நேரமும் அந்தக் கனம் முழுக்க அவர் காலின் மேல் நின்றிருந்தது. எனக்குச் சாலை கலங்கித் தெரிந்தது.

"ஒரு அடி போட்டிருந்தா காலை எடுத்திருக்குமே. ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. ஏன் வாயே திறக்கேல்லை?" ஆன்டி அழுதுகொண்டே அதட்டினார்.

பவுனக்கா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "எப்படிம்மா கத்துறது? அது என் மொகத்தையேதான் பாத்துக்கிட்டு நின்னுச்சு."